உஷார்! ‘நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க’ என்றால் பேனாவைத் தொடாதீர்கள்

மாலை நாலு மணிக்கு ஒரு மீட்டிங் அழைப்பு வரும். எதற்கு என்று அதில் இருக்காது. உள்ளே போனால் உங்கள் மேனேஜரும், நீங்கள் இதுவரை பேசியே இராத எச்.ஆர். ஆள் ஒருவரும் உட்கார்ந்திருப்பார்கள். “போனை வெளியே வெச்சுட்டு வாங்க” என்பார்கள். பிறகு ஆரம்பிக்கும். “புராஜெக்ட் இல்ல, மேலிடத்து முடிவு. இன்னிக்கே நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும். இல்லேன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும். அப்புறம் வேற எங்கயும் கஷ்டம்.” யோசிக்க அரை மணி நேரம் தருவார்கள். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்றால், “அதுக்கெல்லாம் டைம் இல்லைங்க” என்று பதில் வரும்.

தி.நகரில் இதற்கு வேறு வசனம். “வியாபாரம் ரொம்ப டல்லா கெடக்கு தம்பி. ரெண்டு மாசம் ஊர்ல இரு, கூப்பிட்டு விடுறேன்.” அண்ணாச்சி சொன்னார் என்று பையன் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறிவிடுவான். ரெண்டு மாசம் நாலு மாசமாகும். போன் வராது. வேலை போய்விட்டதா, இருக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. கேட்கப் போனால் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவனிடம் இருக்காது.

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்திலும் உஸ்மான் ரோடு கடையிலும் நடப்பது ஒன்றுதான். காலம் கெட்டுக் கிடக்கும்போது நிர்வாகம் முக்கியமானதை வாயால் சொல்கிறது, எழுத்தை மட்டும் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அடையாறிலும் திருவான்மியூரிலும் இருந்து தினமும் கம்பெனி பஸ் பிடிப்பவர்கள், மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸ்களில் கணக்குப் பார்ப்பவர்கள், துணிக்கடை, நகைக்கடையில் நிற்பவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். பத்து, இருபது பேரை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளிகளும் படிக்க வேண்டும். அவர்களுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது.

முதலில் அந்தக் கையெழுத்து. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பில் அனுப்ப வேண்டுமென்றால், காரணத்தைச் சொல்லி ஒரு மாத முன்னறிவிப்பை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சிக்காக இன்னொரு 15 நாள் சம்பளம் நிறுவனத்தின் செலவில் போய்ச் சேர வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்தது.

மாதம் 80,000 ரூபாய் வாங்கும் ஒருவர் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறார் என்று வையுங்கள். இழப்பீடு மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய். “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்த நிமிஷத்தில் அந்த 4 லட்சம் போய்விடும். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. ‘என்னை நீக்கியது தவறு’ என்று வழக்குப் போடவும் முடியாத இடத்தில் போய் நிற்பார், ஏனென்றால் காகிதப்படி அவரை யாரும் நீக்கவே இல்லை. அரை மணி நேர அவசரம் ஏன் என்பது இப்போது புரியும்.

சிலர் கிராஜுவிட்டியைக் காட்டி மிரட்டுவார்கள். ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் சரி, நீக்கப்பட்டாலும் சரி, கிராஜுவிட்டி அவருடைய பணம். வியாபாரம் படுத்துவிட்டது என்ற காரணத்துக்காக அதைப் பிடித்துவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

“நீங்க மேனேஜர் சார், உங்களுக்கு லேபர் சட்டமெல்லாம் வராது” என்பது இன்னொரு வசனம். இதை நம்பி ஒதுங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். நம்பாத ஒருவரின் கதை சென்னையிலேயே இருக்கிறது. 2015-ல் டி.சி.எஸ். நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர் தொழிலாளர் நீதிமன்றம் போனார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், சட்டம் சொல்லும் தொழிலாளர் அல்ல என்றது நிறுவனம். அவர் உண்மையில் செய்த வேலை என்ன என்று நீதிமன்றம் பார்த்தது. 2022-ல் அவரை மீண்டும் வேலையில் சேர்த்து, இடைப்பட்ட காலச் சம்பளத்தையும் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஏழு ஆண்டு ஆயிற்று. அந்த ஏழு ஆண்டும் அவர் வீடு எப்படி ஓடியிருக்கும் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நீக்கம் என்ற ஒன்று நடந்ததாகக் காகிதத்தில் இருந்ததால்தான் அவரால் வழக்காடவே முடிந்தது.

அந்த 2014, 2015 குளிர்காலத்தை ஐ.டி. வேலையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டி.சி.எஸ். 25,000 பேரை அனுப்பப் போகிறது என்று ஒரு எண் போன் போனாய்ப் பரவியது. நிறுவனம் மறுத்தது. வழக்கமாகச் செயல்திறன் பார்த்து அனுப்புவதுதான், மொத்தத்தில் ஒரு சதவீத அளவே என்றது. கர்ப்பிணியாக இருந்த பெண் ஊழியர் ஒருவர் தன் நீக்கத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை வந்தது. அதன் பிறகு நிறுவனமே அந்த நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சரியான எண்ணிக்கையை முதல் நாளே ஊழியர்களிடம் சொல்லியிருந்தால் 25,000 என்ற பயத்துக்கு வேலையே இருந்திருக்காது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

பத்து வருஷம் கழித்தும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. அதே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கே.கிருத்திவாசன் ஒரு செய்தித் தளத்துக்கு அளித்த பேட்டி வழியாக, 12,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழக்கப் போகிறார்கள் என்ற செய்தி வெளியானது. மொத்தப் பணியாளர்களில் 2 சதவீதம்; பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த 2 சதவீதத்தில் தானும் உண்டா என்று தெரியாமல் எத்தனை குடும்பங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்! ஜூன் இறுதியில் 6,13,069 ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை செப்டம்பர் இறுதியில் 5,93,314 ஆனது. தானே போனவர், அனுப்பப்பட்டவர், எழுதிக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் எல்லோரும் அந்த ஒரே கழித்தலுக்குள் இருக்கிறார்கள். யார் எந்த வகை என்பதில் சங்கங்களும் நிறுவனமும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

இன்னொரு ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிறுவனம் முதலீட்டாளரிடம் சொல்லும் காரணம் ஒன்றாகவும் உங்களிடம் சொல்லும் காரணம் வேறாகவும் இருக்கலாம். முதலீட்டாளரிடம் ‘செலவைக் குறைக்கிறோம்’, உங்களிடம் ‘உங்க பெர்ஃபாமென்ஸ் சரியில்லை’. 2017 மே மாதம் காக்னிசன்ட் ஊழியர்கள் சென்னையில் தொழிலாளர் ஆணையரிடம் மனு கொடுத்தபோது எழுந்த சச்சரவு இதுவேதான். இது ஆட்குறைப்பு என்றார்கள் ஊழியர்கள், வழக்கமான செயல்திறன் மதிப்பீடு என்றது நிறுவனம். செலவுக்காக அனுப்பினால் உங்கள் மேல் பழி இல்லை, இழப்பீடும் உண்டு. செயல்திறன் என்று சொல்லி அனுப்பினால் பழியும் உங்கள் மேல், பணமும் கைக்கு வராமல் போகலாம். அதனால், நான்கு வருஷமாக நல்ல ரேட்டிங் வாங்கிவிட்டுத் திடீரென்று ஐந்தாம் வருஷம் கடைசி ரேட்டிங் வந்தால் சும்மா இருக்காதீர்கள். பழைய மதிப்பீடுகளை, வாடிக்கையாளர் பாராட்டி எழுதிய மெயில்களை இன்றைக்கே தேதியோடு குறித்து வையுங்கள். கம்பெனியின் ரகசியக் கோப்புகளை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதையே காரணமாக்கி வெளியே அனுப்புவார்கள்.

வருமானம் வளரும்போதும் ஆள் குறைப்பு வரும் என்பதற்குச் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் சாட்சி. 2024 நவம்பர் தொடக்கத்தில் காலாண்டு முடிவை அறிவித்த அன்றே, 660 பேரை, அதாவது 13 சதவீத ஊழியர்களை அனுப்புவதாகவும் அறிவித்தது. வருமானம் முந்தைய ஆண்டைவிட 22 சதவீதம் கூடியிருந்தது. 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்கப்போவதாகவும் அதே நேரத்தில் சொன்னது. கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஆளை அனுப்புவது பேராசை என்று ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, பெயர் சொல்லாமல், கடுமையாக எழுதினார். நான் அவர் பக்கம்தான். பணம் இருக்கிறது, வளர்ச்சி இருக்கிறது, பிறகு ஏன் நான் என்று கேட்கும் ஊழியருக்கு நேர்மையாகச் சொல்ல ஒரு பதில் இல்லையென்றால் அந்த முடிவையே எடுக்கக் கூடாது.

சரி, முதலாளிகளே, இனி உங்களிடம் பேசுகிறேன். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் வெளியே தெரியாது என்று நினைக்காதீர்கள். சம்பளம் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குத் தள்ளிப்போன அன்றே டீக்கடையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஏ.சி.யை ஐந்து மணிக்கு அணைத்தால் அதற்கொரு அர்த்தம், ஆடிட்டர் வழக்கத்தைவிட அதிகமாக வந்துபோனால் அதற்கொரு அர்த்தம். முதலில் போவது உங்களிடம் இருப்பதிலேயே நல்ல ஆள், ஏனென்றால் அவருக்குத்தான் வெளியே வேலை கிடைக்கும். போக இடமில்லாதவர்கள் பயத்தோடு உங்களிடமே இருப்பார்கள். பயந்த ஆளை வைத்துக்கொண்டு சரிந்த வியாபாரத்தை நிமிர்த்த முடியாது.

“யாரையும் அனுப்ப மாட்டேன், கவலைப்படாதீங்க” என்று உணர்ச்சிவசப்பட்டு வாக்குக் கொடுத்துவிடவும் கூடாது. மூன்று மாதத்தில் அதை மீற வேண்டி வந்தால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட ஒருவரும் நம்ப மாட்டார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: ஆர்டர் எவ்வளவு குறைந்திருக்கிறது, கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும், எந்தெந்தச் செலவை முதலில் வெட்டியிருக்கிறீர்கள், உங்கள் சொந்தச் சம்பளத்தில் எவ்வளவு குறைத்துக்கொண்டீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்து எந்தத் தேதியில் பேசுவீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். அந்தத் தேதியில் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் கட்டாயம் வந்து பேசுங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வார்த்தையில். கேஷியருக்கு ஒன்று, விற்பனைப் பையனுக்கு வேறொன்று என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று கிளம்பிவிடும்.

கொரோனா ஊரடங்கின்போது முழுச் சம்பளம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அதை எதிர்த்து நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. ஜூன் 12 அன்று நீதிமன்றம் சொன்ன வழி, தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வாருங்கள் என்பதுதான். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் காட்டிய வழியை உஸ்மான் ரோட்டில் ஒரு கடை முதலாளி தன் கடையிலேயே, கல்லாவுக்குப் பக்கத்தில் நாலு நாற்காலி போட்டுச் செய்துவிடலாம்.

அமெரிக்காவில் பேரி-வேமிலர் என்ற இயந்திரத் தயாரிப்பு நிறுவனம் 2009-ல் ஆர்டர் சரிந்தபோது யாரையும் அனுப்பவில்லை. தலைமை அதிகாரியில் தொடங்கி எல்லோரும் நான்கு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார்கள். முடிந்தவர்கள் முடியாதவர்களுக்காகக் கூடுதலாகவும் எடுத்துக்கொண்டார்கள். அனுப்பியே தீர வேண்டிய நிலையில் இருந்த ஏர்பிஎன்பி, 2020 மே மாதம் சுமார் 1,900 பேரைக் குறைத்தபோது, ஏன் குறைக்கிறோம், எப்படித் தேர்ந்தெடுத்தோம், என்ன தருகிறோம் என்று தலைவரே நீளமாகக் கடிதம் எழுதினார். அதை மெச்சுவதற்கு அதில் இனிப்பான வார்த்தைகள் தேவைப்படவில்லை. இதற்கு மாறாக, பெட்டர்.காம் என்ற கடன் நிறுவனத்தின் தலைவர் 2021 டிசம்பரில் ஜூம் அழைப்பில் சில நிமிஷத்தில் சுமார் 900 பேரை அனுப்பினார், அதில் இந்தியாவில் இருந்தவர்களும் உண்டு. உலகமே காறித் துப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டுச் சில காலம் பதவியிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த எவரையும் நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். “ஊருக்குப் போயிட்டு இரு” என்று வாயால் சொல்லி அனுப்பினால் சட்டம் தொடாது என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. நாளைக்கு அந்தப் பையன் தொழிலாளர் துறைக்கு மனு எழுதினால், முறைப்படி நீக்கியதற்கு உங்களிடமும் காகிதம் இருக்காது.

மறுபடியும் ஊழியர்களுக்கு. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் சுமார் 2,600 பேர். அவர்கள் தனித்தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவில்லை. சங்கமாக உட்கார்ந்து மாதக் கணக்கில் பேசினார்கள், இடையில் போராடினார்கள். நிறுவனம் முன்வைத்த தொகை, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நூறு நாளைத் தாண்டிய சம்பளம் என்று உயர்ந்தது. சட்டம் சொல்வது 15 நாள். சேர்ந்து நின்று பேசியதில் கிடைத்த வித்தியாசம் இது. ஐ.டி. துறைக்குத் தொழிலாளர் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ‘நம்ம வேலைக்கு யூனியன் எல்லாம் ஒத்துவராது’ என்ற கூச்சத்தை விடுங்கள்.

அந்த அறைக்குள் கூப்பிட்டால் என்ன செய்வது? கோபப்படாதீர்கள், அழுதாலும் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் வேண்டாம். “சொல்றதை மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டுப் பதில் சொல்றேன்” என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வெளியே வந்தவுடன், யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று நீங்களே எச்.ஆருக்கு ஒரு மெயில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே மிரட்டலுக்குப் பயந்து எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, வற்புறுத்தலில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன் என்று அனுப்புங்கள். ராஜினாமா நடைமுறைக்கு வரும் முன் திரும்பப் பெறலாம் என்பது பொதுவான நிலை. அதனால்தான் சில இடங்களில் அடுத்த நிமிஷமே ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் வருகிறது.

மருத்துவக் காப்பீட்டை முன்கூட்டியே பாருங்கள். கம்பெனி பாலிசி வேலையின் கடைசி நாளோடு பொதுவாக முடிந்துவிடும். மயிலாப்பூரில் எழுபது வயது அப்பா அம்மாவை அதே பாலிசியில் வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய பேர். வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்துவிடுங்கள். கணக்குத் தீர்ப்பை 45 நாள், 60 நாள் என்று இழுப்பார்கள். ஊதியச் சட்டத் தொகுப்போ, விலகினாலும் விலக்கப்பட்டாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் தரச் சொல்கிறது. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால் இரண்டு மாதம் கழித்து இணையத்தில் நீங்களே போடலாம். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. கட்டியவர்களுக்கு, வேலை போனால் 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி தரும் திட்டம் உண்டு. அவ்வப்போது காலம் நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், நடப்பில் இருக்கிறதா என்று நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விருப்ப ஓய்வில் போனவர்களுக்கு அது கிடையாது. நீங்கள் எப்படி வெளியேறினீர்கள் என்று காகிதம் சொல்வது இங்கேயும் உங்களைத் துரத்தி வரும்.

காலக்கெடுவை மறந்துவிடாதீர்கள். பழைய சட்டத்தில், நீக்கப்பட்டவர் தீர்ப்பாயம் போக மூன்று ஆண்டு இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டுதான். முதலில் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். 45 நாளில் முடிவு வராவிட்டால் நேரடியாக வழக்குப் போடலாம். சமரசப் பேச்சுக்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை, நீங்களே போய்ப் பேசலாம். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை அங்கே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.